ஸ்டாண்டர்டு ஹெரால்டு: முன்சக்கர டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றலாமா?

கேள்வி: மேட்டுப்பாளையம் மார்க்-3

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1970-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 (இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம்) ஒன்று ஓடும் நிலையில் இருக்கிறது. நான்கு கதவு, 948 சிசி எஞ்சின், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். வண்டியை அலங்காரப் பொருளாக நிறுத்தி வைக்காமல் ஓட்டுகிறவன் நான். விடுமுறை நாட்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறி இறங்குவது வழக்கம். ஏறும்போது எந்தக் குறையும் இல்லை. இறங்கும்போதுதான் கவலை. பாதி மலை இறங்கிய பிறகு, முன்பு மிதித்த அளவுக்கு மிதித்தால் வண்டி நிற்பதில்லை. இன்னும் பலமாக மிதிக்க வேண்டியிருக்கிறது. அழுத்தி மிதித்தால் இடது பக்கம் இழுக்கிறது. மழைக்காலத்தில் தேங்கிய நீரைக் கடந்து வந்தால், அடுத்த சில மிதிகளுக்குப் பிரேக் இருப்பதாகவே தெரிவதில்லை.

இங்கே எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர், மாருதி 800-இன் டிஸ்க்கையும் காலிபரையும் (டிஸ்க்கைப் பேட்களால் கவ்விப் பிடிக்கும் பகுதி) எடுத்து, ஒரு பிராக்கெட் செய்து, அதை முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டான வெர்டிகல் லிங்க்கில் வெல்டிங் செய்து பொருத்தித் தருவதாகச் சொல்கிறார். செலவு குறைவு, உதிரிப்பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும் என்பது அவருடைய வாதம். வேறொரு நண்பரோ, இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கு வந்த டிஸ்க் தொகுதி அப்படியே பொருந்தும், அதை வரவழைப்பதே சரி என்கிறார். எந்த வழியில் போவது? பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்ற வேண்டுமா? மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் தேவைப்படுமா? பதிவுச் சான்றிதழ் தொடர்பாகச் சிக்கல் ஏதும் வருமா? அனுபவம் உள்ளவர்கள் சற்று விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற பொறியாளர்

நண்பருக்கு வணக்கம். தாங்கள் மூன்று குறைகளைச் சொல்லி ஒரே மருந்தைக் கேட்கிறீர்கள். அவை மூன்றும் ஒரே நோயல்ல என்பதால், முதலில் அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மலை இறங்கும்போது பெடல் உறுதியாகவே இருந்து, ஆனால் வண்டி நிற்க மறுத்தால், டிரம்மில் அழுந்தும் ஷூவின் உராய்வுப் பட்டையான லைனிங் சூடேறி உராய்வை இழக்கிறது என்று பொருள். பெடல் பஞ்சுபோல் அமுங்கித் தரையை நோக்கிப் போனால், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிறது என்று பொருள். தங்கள் விவரிப்பு முதல் வகையைச் சேர்ந்தது. ஆயினும் ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்பதைத் தாங்கள் எழுதவில்லை. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு இவை முறையே 230, 155. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆயிலை முழுவதும் மாற்றாத பழைய வண்டியில், டிரம் ஆனாலும் டிஸ்க் ஆனாலும் மலைப்பாதையில் ஆபத்து ஒன்றுதான்.

இடது பக்கம் இழுப்பது டிரம் என்பதால் வருவதில்லை. வலது பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை என்பதே அதற்குப் பொருள். ஹெரால்டின் முன் டிரம்மில் சக்கரத்துக்கு இரண்டு வீல் சிலிண்டர்கள் உண்டு. இரண்டு ஷூவும் சுழலும் திசையிலேயே தள்ளப்படுவதால், டிரம் தானே ஷூவை உள்ளிழுத்து, மிதித்த விசையைப் பெருக்கிக்கொள்கிறது. அந்தப் பெருக்கம் ஒரு பக்கம் குறைந்தாலும் வேறுபாடு பெரிதாகத் தெரியும். ஒரு சிலிண்டர் துருவேறி இறுகியிருக்கலாம். ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி வழியை அடைத்திருக்கலாம். லைனிங்கில் கிரீஸ் பட்டிருக்கலாம். டிரம்மைத் திறந்து பார்க்காமல் டிஸ்க் வாங்குவது சரியல்ல.

நீரில் நனைந்தால் பிடிக்காமல் போவது மட்டும் டிரம்முக்கே உரிய குறை. அதற்கு டிஸ்க்தான் உண்மையான தீர்வு.

இனி வெல்டிங் பற்றி. வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் காரணம் தெரிந்தால்தான் பட்டறையில் உறுதியாக மறுக்க முடியும். வண்டியின் எடை சுமார் 800 கிலோ, ஆட்களும் சாமான்களும் 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவசரமாக நிறுத்தும்போது பாரம் முன்னால் சாய்வதால், நிறுத்தும் வேலையில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டை முன்சக்கரங்கள் செய்கின்றன. புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கு வேகக் குறைப்புக்குக் கணக்கிட்டால், ஒவ்வொரு முன் டயரும் சாலையில் சுமார் 2,900 நியூட்டன் விசையைத் தாங்குகிறது. டயரின் ஆரம் 28 சென்டிமீட்டர்; பேட் டிஸ்க்கைப் பிடிக்கும் இடத்தின் ஆரமோ 9.5 சென்டிமீட்டர் அளவுதான். ஆகவே காலிபரைத் தன்னோடு சேர்த்துச் சுழற்றிக்கொண்டு போகப் பார்க்கும் விசை, சாலை விசையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு, அதாவது 8,500 நியூட்டன் ஆகிறது. கிலோக் கணக்கில் 850-க்கும் மேல். வண்டியின் முழு எடையை ஒரே ஒரு பிராக்கெட்டில் தொங்கவிட்டு, ஒவ்வொரு மிதியிலும் இழுத்து இழுத்து விடுவது போன்ற வேலை அது. வெர்டிகல் லிங்க் வார்த்துச் செதுக்கிய சாதாரண இரும்புத் துண்டு அல்ல. வெப்பப் பதம் செய்த எஃகு. அதில் வெல்டிங் வைத்தால், வெல்டிங் ஓரத்தில் பதம் கெட்டு நுண்விரிசல் உண்டாகும். விரிசல் விடும் நாள் எது என்று எவராலும் சொல்ல முடியாது. அது விட்டால் பிரேக் மட்டுமன்றிச் சக்கரமே மடங்கும்.

பதில்: மதுரை லேத் பட்டறை

பொறியாளர் ஐயா வெல்டிங் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் உள்ளூரில் செய்யும் வேலை எல்லாமே ஆபத்து என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நானும் பழைய வண்டிகளுக்குக் காலிபர் பிராக்கெட் செய்து கொடுக்கிறேன்.

முறையாகச் செய்வதானால், பிராக்கெட்டை 12 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் வெட்டி, டிரம்மின் பின்தகடு பொருத்தப்பட்டிருந்த துளைகளிலேயே போல்ட் போட்டு முடுக்க வேண்டும். போல்ட் 8.8 தரத்துக்கு (வலிமையைக் குறிக்கும் எண்) குறையக் கூடாது, 10.9 ஆனால் இன்னும் நல்லது. துளையில் ஆட்டம் இருக்கக் கூடாது என்பதால் டிரில் செய்த பிறகு, துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் ரீமர் விட வேண்டும். போல்ட்டின் மரைப் பகுதி தகட்டுக்குள் வராமல், மரையற்ற தண்டுப் பகுதியே வெட்டுவிசையைத் தாங்கும்படி நீளம் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் பல பட்டறைகளில் கவனிப்பதே இல்லை.

உண்மையான தலைவலி பிராக்கெட்டில் இல்லை, டிஸ்க்கில் இருக்கிறது. மாருதி 800-இன் நான்கு சக்கர போல்ட்டுகளும் 114.3 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்தவை. ஹெரால்டின் வட்டம் மூன்றே முக்கால் அங்குலம், அதாவது 95.25 மில்லிமீட்டர். எனவே மாருதி டிஸ்க் ஹெரால்டு ஹப்பில் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) தானாக உட்காராது. புதிய துளைகள் போட வேண்டும், அல்லது இடையில் ஓர் அடாப்டர் வளையம் கடைந்து வைக்க வேண்டும். இரண்டிலும் டிஸ்க்கின் மையமும் ஹப்பின் மையமும் ஒன்றாக இருப்பதைப் போல்ட்டுகளை நம்பி விடாமல், ஹப்பின் நடுவில் கடைந்த விளிம்பு ஒன்றின் மேல் டிஸ்க் இறுக்கமாக அமரும்படி செய்தால்தான் ஓட்டம் நேராக இருக்கும். பொருத்திய பின், நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்து டிஸ்க்கைச் சுற்றிப் பாருங்கள். விளிம்புக்குச் சற்று உள்ளே 0.1 மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் காட்டினால், அந்த வேலையை ஏற்காதீர்கள். பெடல் காலடியில் துடிக்கும்.

இன்னொன்று: வெட்டுவதற்கு முன் சக்கரத்தை மாட்டிப் பாருங்கள். 13 அங்குல ரிம்முக்குள் காலிபர் அடங்க வேண்டும். காலிபருக்கும் ரிம்முக்கும் இடையே 3 அல்லது 4 மில்லிமீட்டர் இடைவெளியாவது தேவை. மாருதியின் காலிபர், பேட் தேயத் தேயப் பக்கவாட்டில் நகரும் வகை. புதுப் பேட்டுடன் அளந்த இடைவெளி தேய்ந்த பேட்டுடன் அப்படியே இருப்பதில்லை. அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இத்தனையும் செய்தால் செலவு குறைவு என்ற வாதம் பாதி அடிபட்டுவிடும் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். உங்கள் வண்டிக்கு ஸ்பிட்ஃபயர் வழி இருக்கும்போது நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். அம்பாசிடர், ஃபியட் வைத்திருப்பவர்களுக்கு ஹெரால்டுக்காரர்களைப் போலப் பக்கத்து வீட்டு உறவு கிடைப்பதில்லை.

பதில்: மயிலாப்பூர் ஹெரால்டு

மேலே இருவரும் சொன்னவற்றோடு, ஸ்பிட்ஃபயர் தொகுதியை என் ஹெரால்டில் பொருத்திய அனுபவத்தைச் சேர்க்கிறேன். ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரே சேஸி மரபில் பிறந்தவை. முன் சஸ்பென்ஷன் ஏறத்தாழ ஒன்றே. இங்கிலாந்தில் ஹெரால்டு 1200-க்கே முன் டிஸ்க் பிரேக் விருப்பத் தேர்வாகக் கிடைத்தது; பின்னர் வந்த 12/50, 13/60 மாடல்களில் அது நிலையான அம்சமாயிற்று. டிரையம்ப் நிறுவனம் 1956-லேயே டிஆர்3 வண்டியில் கர்லிங் டிஸ்க் பிரேக்கைப் பொருத்தி விற்றதை நினைத்துப் பார்த்தால், நமக்கு இங்கே கடைசி வரை டிரம்மே வாய்த்தது சற்று வருத்தம்தான். ஆகவே நீங்கள் செய்யப்போவது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. தொழிற்சாலை தன் வேறொரு மாடலுக்குச் செய்ததை உங்கள் வண்டிக்குக் கொண்டுவருகிறீர்கள். எனக்கு இந்த வழியின் மீது நம்பிக்கை வந்ததற்கு அதுவே காரணம். ஸ்பிட்ஃபயர் 1980 வரை தயாரிப்பில் இருந்ததால், தேயும் பொருட்கள் எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன.

வாங்கும்போது டிஸ்க், காலிபர் மட்டும் வாங்காதீர்கள். வெர்டிகல் லிங்க், ஸ்டப் ஆக்சில், ஹப், பேரிங், காலிபர் பிராக்கெட், டிஸ்க், தூசித் தகடு என ஒரே வண்டியிலிருந்து வந்த முழுத் தொகுதியாக வாங்குங்கள். டிரையம்பின் ஜிடி6, விட்டெஸ் 2 லிட்டர் ஆகிய ஆறு சிலிண்டர் வண்டிகளின் தொகுதி பெரியது. அதையும் ஸ்பிட்ஃபயரின் 9 அங்குல டிஸ்க் தொகுதியையும் கலந்து விற்பவர்கள் உண்டு. ஸ்பிட்ஃபயருடையது ஹெரால்டின் எடைக்குப் போதும், போதுமானதற்கு மேலும்கூட. பெரியதைப் போட்டுப் பின்சக்கரச் சமநிலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த வேலையில் டிஸ்க்கைவிட முக்கியமான ஒரு பொருள் கைக்கு வரும். வெர்டிகல் லிங்க்கின் கீழ்முனை மரையிட்டு, ட்ரன்னியன் என்ற வெண்கலத் தாங்கிக்குள் திருகப்பட்டிருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் சுழல்கிறது. அதற்கு இபி 90 கியர் ஆயில் விட வேண்டும் என்பது தயாரிப்பாளர் விதித்த முறை. நம் ஊரில் நிப்பிள் என்று கண்டால் கிரீஸ் கன்னை வைத்து அடிப்பதே பழக்கம். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காமல் காய்ந்து கட்டியாகிறது. அடியில் நீர் தேங்கித் துரு தின்கிறது. ஒரு நாள் லிங்க் அந்த இடத்தில் முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடுகிறது. ஐம்பது ஆண்டு ஓடிய லிங்க்கைக் கழற்றித் துடைத்து, மரையின் அடிப்பகுதியில் தேய்வோ குழியோ இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இங்கிலாந்திலிருந்து வரும் பழைய லிங்க்கையும் அதே சந்தேகத்தோடு பாருங்கள். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரையின் திசை வேறு. எனவே ட்ரன்னியன்களை மாற்றிப் போட முடியாது. அவற்றைப் புதிதாகவே போட்டுவிடுங்கள்.

பொருத்துவது கடினமான வேலை அன்று. பானெட் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழ்வதால், சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இந்த வசதிக்காகவே ஹெரால்டைக் காதலிக்கும் மெக்கானிக்குகளை நான் அறிவேன். ஆனால் மூன்று இடங்களில் பொறுமை தேவை.

ஹப் பேரிங்கை முடுக்கும்போது, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை 5 அடி-பவுண்டு அளவுக்கு மட்டும் இறுக்கி, பிறகு நட்டின் ஒரு முகப்பு அளவுக்குத் தளர்த்தி, ஸ்பிலிட் பின் போட வேண்டும். ஹப்பில் 0.002 முதல் 0.008 அங்குலம் வரை நீளவாட்டு ஆட்டம் இருக்கலாம். டிரம் வண்டியில் இது கூடுதலாக இருந்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். டிஸ்க் வண்டியில் ஆட்டம் அதிகமானால், திருப்பங்களில் டிஸ்க் சாய்ந்து பேட்களைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் பாதி தூரம் வெறுமையாகப் போகும். உடனே மாஸ்டர் சிலிண்டர் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றுவார்கள்.

அடுத்து, காலிபரில் ஏர் எடுக்கும் நிப்பிள் மேல்முகமாக இருக்க வேண்டும். இடது காலிபரை வலதில் மாட்டினாலும் போல்ட் பொருந்திவிடும். ஆனால் நிப்பிள் கீழே வந்துவிடுவதால், மணிக்கணக்கில் பம்ப் செய்தாலும் மேலே தங்கிய காற்று வெளியேறாது.

கடைசியாக, குழாய் மரை. இந்தக் காலிபர்களில் அங்குல மரையும் உண்டு, மில்லிமீட்டர் மரையும் உண்டு. 3/8 அங்குல யுஎன்எஃப் நட்டு, 10 மில்லிமீட்டர் துளைக்குள் நுழைந்து, முடுக்குவது போன்ற உணர்வைக்கூடத் தரும். ஆனால் அழுத்தம் ஏறும்போது மரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். ஹோஸ் வாங்கும் முன் மரை கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள். ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும் புதிதாகவே போடுங்கள். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மறுமொழி: மேட்டுப்பாளையம் மார்க்-3

மூவருக்கும் மிக்க நன்றி. பொறியாளர் ஐயா சொன்னபடி டிரம்களைக் கழற்றிப் பார்த்தோம். வலது முன்சக்கரத்தின் இரண்டு வீல் சிலிண்டர்களில் ஒன்று முற்றிலும் இறுகிப்போயிருந்தது. பிஸ்டனைத் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதை மாற்றியபின் இடது பக்கம் இழுப்பது நின்றுவிட்டது. ஆயிலையும் முழுவதும் மாற்றி டாட் 4 விட்டிருக்கிறோம். வெர்டிகல் லிங்க்கில் இதுநாள் வரை கிரீஸ்தான் அடிக்கப்பட்டிருக்கிறது என்பதும் தெரிய வந்தது. மயிலாப்பூர் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு, அவற்றை மாற்றாமல் மலை ஏற மனம் வரவில்லை. எப்படியும் லிங்க் வாங்கப்போகிறேன் என்றால், டிஸ்க் தொகுதியாகவே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், ஆவணம் ஆகிய மூன்றைப் பற்றியும் தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற பொறியாளர்

நல்ல முடிவு. மாஸ்டர் சிலிண்டருக்கு வருகிறேன்.

டிரம்மில் ஷூ தானே உள்ளிழுக்கப்படுவதால் குறைந்த அழுத்தமே போதும் என்று முன்பே எழுதினேன். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. பேட்டை எவ்வளவு விசையோடு நெருக்குகிறோமோ அதற்கேற்ற உராய்வு மட்டுமே கிடைக்கும். அதனால் காலிபரின் பிஸ்டன் வீல் சிலிண்டரின் பிஸ்டனைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கிறது. குழாயில் தேவைப்படும் அழுத்தமும் கூடுகிறது. மாஸ்டர் சிலிண்டரின் துளை சிறுத்தால் அதே கால் விசைக்கு அழுத்தம் கூடும், ஆனால் பெடல் நீளமாகப் போகும். துளை பெருத்தால் பெடல் குட்டையாகவும் கட்டையாகவும் இருக்கும். முக்கால் அங்குலத் துளையின் பரப்பு 0.442 சதுர அங்குலம். 5/8 அங்குலத் துளையின் பரப்பு 0.307. ஆகவே முக்காலிலிருந்து 5/8-க்கு மாறினால் அழுத்தம் 44 விழுக்காடு கூடுகிறது, பெடல் பயணமும் அதே 44 விழுக்காடு நீள்கிறது. இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. தங்கள் வண்டியில் இப்போது இருக்கும் சிலிண்டரின் உடலில் துளை அளவு வார்க்கப்பட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு, தொகுதி எந்த மாடலிலிருந்து வருகிறதோ அந்த மாடலின் சிலிண்டரோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால், காலிபரோடு பிறந்த சிலிண்டரையே போடுவது நல்லது.

டிரம்முக்கென்று செய்த சில மாஸ்டர் சிலிண்டர்களில், ஷூ முழுவதும் பின்வாங்காதிருக்கக் குழாயில் சிறிதளவு அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு ஒன்று இருக்கும். வெளிச்சந்தையில் கிடைத்ததை முன்பு யாரேனும் மாட்டியிருந்தால், தங்கள் வண்டியிலும் அது இருக்க வாய்ப்புண்டு. டிஸ்க்குடன் அந்த வால்வு இருந்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். ஹப்பைத் தொட முடியாத அளவுக்குச் சூடாகும். ஹெரால்டில் மாஸ்டர் சிலிண்டர் காலிபர்களைவிட உயரத்தில் இருப்பதால், ஆயில் தானாகக் கீழிறங்கி வற்றும் அச்சம் இல்லை. எனவே டிஸ்க் பக்கத்துக்கு அந்த வால்வு வேண்டாம். ஆயில் கிண்ணம் பெரிதாக இருப்பதும் அவசியம். டிரம்மில் ஷூவை அட்ஜஸ்ட் செய்வதால் ஆயில் மட்டம் அதிகம் மாறாது. டிஸ்க்கில் பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்து, அந்த இடத்தை ஆயில் நிரப்பும். சிறு கிண்ணம் வற்றிப் போகும்.

பூஸ்டர் தேவையில்லை என்பது என் கருத்து. எஞ்சின் வெற்றிடத்தை நம்பி இயங்கும் பூஸ்டர் கனமான வண்டிகளுக்கு உரியது. 800 கிலோ வண்டிக்குச் சரியான துளையும் நல்ல பேட்டும் போதும். பெடல் முன்பைவிடச் சற்று உறுதியாக இருக்கும்; சில நாட்களில் கால் பழகிவிடும். பணம் மிஞ்சினால் பூஸ்டருக்குச் செலவிடாமல் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்குச் செலவிடுங்கள். இப்போது நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்றுதான். ஒரு ஹோஸ் வெடித்தால் கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டுமே. இரட்டைச் சுற்றில் முன்னோ பின்னோ ஒன்று பிழைத்திருக்கும். அதன் துளை அளவை மேற்சொன்ன கணக்கின்படியே தேர்ந்தெடுக்க வேண்டும். பெடல் கம்பியின் நீளத்தையும் சரிபார்க்க வேண்டும். காலை எடுத்தபிறகும் கம்பி பிஸ்டனை மயிரிழை தள்ளிக்கொண்டிருந்தால், ஆயில் திரும்பும் வழி அடைபட்டுப் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும்.

பதில்: ஆவணக்காரர்

ஆவணம் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பிரேக் வகை சான்றிதழில் எழுதப்படும் விவரம் அல்ல. அதனால் இந்த மாற்றம் அந்தப் பிரிவுக்குள் வராது என்றே நான் வாசிக்கிறேன். ஆனாலும் தகுதிச் சான்று புதுப்பிக்கும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாய்மொழியாகவேனும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்டேஜ் பதிவு எண்ணம் உங்களுக்கு இருந்தால் கூடுதலாக யோசிக்க வேண்டும். 2021-இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் பேணப்படும் வண்டிகளுக்கே அந்தப் பதிவு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. விதியில் பிரேக் என்ற சொல் இல்லை. மூல வடிவம் என்பதை ஆய்வாளர் எப்படிப் பொருள்கொள்வார் என்பது அவர் கையில். அதோடு, விண்டேஜ் எண் பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட அனுமதியில்லை; கண்காட்சி, ராலி, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். கோத்தகிரிக்கு அடிக்கடி போகிறவருக்கு அந்தப் பதிவே பொருந்தாது என்பதால், உங்களுக்கு இது தடையாக வராது. கழற்றிய டிரம், ஷூ, பின்தகடு அனைத்தையும் எண்ணெய் தடவிப் பெட்டியில் வையுங்கள். பின்னாளில் மூல வடிவத்துக்கே திரும்ப நினைக்கும் ஒருவருக்கு அவை தங்கம்.

பதில்: மயிலாப்பூர் ஹெரால்டு

தம்பி, பொருட்கள் வந்து சேர்ந்ததும் எழுதுங்கள். அதற்கு முன் சமநிலை பற்றிய ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிஸ்க் போட்டவர்கள் பலரும் முன்பக்கத்தோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள்.

உங்கள் வண்டியின் பின்புறம் ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆக்சிலாக இருந்தால் (பின்னர் வந்த ஸ்டாண்டர்டு கெசல் மாடலுக்கு வந்தது போன்ற நேர் ஆக்சில் இல்லாவிட்டால்), அழுத்தி பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பின்பகுதி தூக்கி, பின்சக்கரங்கள் அடிப்பக்கமாக உள்நோக்கிச் சாயும். நேர்ச்சாலையில் அது தெரியாது. திருப்பத்தின் நடுவில் பிரேக் மிதித்தால் பின்பகுதி சட்டென்று வெளியே வீசும். முன்பு டிரம் பலவீனமாக இருந்ததால் நீங்கள் அந்த எல்லைக்குப் போயிருக்க மாட்டீர்கள். இனிப் போக முடியும். ஆகவே கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியரில் வளைவுக்குள் நுழையுங்கள்.

சோதனைக்கு ஆளற்ற நேர்ச்சாலை வேண்டும். முதலில் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15-க்கு மிதமான அழுத்தத்தில் பல முறை குறையுங்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் சூடு ஆற இடைவெளி விடுங்கள். சூடான நிலையில் பெடலை அழுத்திக்கொண்டு நிற்காதீர்கள். படிந்த பிறகு, வெளியே ஒருவரை நிற்கவைத்து, 40 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். எந்தச் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்கிறது என்பதை அவர் பார்க்க வேண்டும். முன்சக்கரம் முதலில் பூட்டினால் சரி. பின்சக்கரம் முதலில் பூட்டினால் அன்றே வண்டியை நிறுத்திவிட்டு, பின் வீல் சிலிண்டரை ஓர் அளவு சிறியதாக மாற்றுங்கள், அல்லது பின்பக்கக் குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைச் சேருங்கள். அதே சோதனையை நனைந்த சாலையிலும், பின்சீட்டு காலியாக இருக்கும்போதும் செய்ய வேண்டும். காய்ந்த சாலையில் முன்சக்கரமே முதலில் பூட்டிய வண்டி அங்கேயும் அப்படியே நடந்துகொள்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சோதனை முடிந்து திரும்பியதும் நான்கு ஹப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகம் சுட்டால், அந்தப் பக்கத்துப் பிஸ்டன் பின்வாங்கவில்லை.